நாய்க்கு விட்ட மண்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பிழைகளும் நிறைய வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

மதுக்கரையில் மூன்று வீடுகளுக்குப் பொதுவான ஒரு வாசல். ஒரு வீட்டில் வீட்டுக்காரம்மா இருக்கிறார், இன்னொன்றில் நானும் மனைவியும் அவரிடம் வாடகைக்கு இருக்கிறோம். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் என் பின்னாலேயே வந்த ஒரு நாய்க்குட்டியை வேலைப் பையில் போட்டுக் கொண்டுவந்தேன். பேர் வைக்கவில்லை. மனைவி 'கண்ணு' என்று கூப்பிட்டால் ஓடிவரும்.

எதைக் கொடுத்தாலும் பாதிதான் தின்னும். மீதியை வாசலில் குழி பறித்து வைத்து, மூக்கால் மண்ணைத் தள்ளி மூடும். டீக்கடை வர்க்கி பிஸ்கட், எலும்பு, ஒருமுறை நான் சுவருக்கு நேர் பார்க்கும் தூக்குக்குண்டு. ஊசி போட்ட மாட்டு டாக்டரிடம் மனைவிதான் காரணம் கேட்டாள்.

"காட்டுல இருந்த காலத்துப் பழக்கம்மா. மிஞ்சினத மண்ணுக்குள்ள வெச்சா சீக்கிரம் கெடாது. இன்னொண்ணு வந்து தூக்கிட்டும் போகாது."

"பட்டினி கெடந்த குட்டிங்க. அதனாலயும் இருக்குமுங்க" என்றாள் அவள்.

மழைக்குச் சேறாகிறது என்று வீட்டுக்காரம்மா வாசல் முழுக்கக் கான்கிரீட் போடச் சொன்னார். நான் கொத்தனார், என்னிடமே சொன்னார். போட்டேன். மட்டம் சரியாக வந்ததில் சந்தோஷம். நாயின் நினைவே வரவில்லை.

தளம் இறுகியபின் நாயை அவிழ்த்துவிட்டோம். வர்க்கியைக் கவ்விக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு மூலையில் வைத்து, இல்லாத மண்ணை மூக்கால் தள்ளித் தள்ளி மூடியது. எவ்வளவு மூடியும் வர்க்கி தெரிந்தது. எடுத்துக்கொண்டு அடுத்த மூலைக்குப் போனது. மூன்றாம் நாள் மூக்கு நுனி தேய்ந்து ரத்தம் கசிந்தது. சரியாகத் தின்னவும் இல்லை.

"நீங்க போட்டதுதானுங்க. நீங்களே போய்க் கேளுங்க" என்றாள் மனைவி.

வீட்டுக்காரம்மாவின் கதவருகே வெகுநேரம் நின்றேன்.

"ஏனுங்க கொத்தனாரே, கதவுக்குக் காவலா நிக்கறீங்க?"

"மூலையில ரெண்டடி ஒடைச்சுக்கட்டுங்களா? கருவேப்பிலை நடலாமுங்க." நாய் என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

"நீங்களே போட்டுட்டு நீங்களே ஒடைக்கறீங்களாக்கும். செரி, நடுங்க."

உடைத்துச் செம்மண் கொட்டினேன். பேருக்கு ஒரு செடி நட்டேன். மறுநாள் செடி வெளியே கிடந்தது, வர்க்கி உள்ளே போயிருந்தது. மறுபடியும் நட்டேன், மறுபடியும் பிடுங்கியது. நான்காம் முறை நடும்போது வீட்டுக்காரம்மா பின்னால் நின்றார்.

"இன்னைக்கு ரசத்துக்கு ரெண்டு கொத்துக் கெடைக்குமுங்களா?"

தலையைத் தூக்காமல் சொன்னேன். "செடிக்கில்லீங்கம்மா. நாய்க்குத்தான் கேட்டேனுங்க."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கோணும். வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" செடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

நாய் பாதி பன்னோடு குழியருகே வந்தது. எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றது.

"பாத்துட்டிருந்தா வெக்காதுங்கம்மா" என்றேன்.

இருவரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

30.11.2025, ஞாயிற்றுக்கிழமை.