சந்தனப் பொட்டு வைத்த டேப்லெட்: உரிகம் முதல் சந்தாபுரா வரை

பெங்களூருக்குப் போய்வந்ததையெல்லாம் ஒரு பயணம் என்று எழுத இவளுக்கு என்ன வந்தது என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தினமும் போய்வருகிறவள். கோலார் தங்கவயலில் உரிகம் ஸ்டேஷனில் ஏறி, பெங்களூர் கன்டோன்மென்டில் இறங்கி, சாயங்காலம் அதே வழியில் வீடு திரும்புகிறேன். ஊர் சுற்றப் போகிறவர்கள் இத்தனை பேர் எழுதும்போது, வேலைக்குப் போகிறவள் ஒருத்தி எழுதினால் குடிமுழுகிவிடாது.

நான் சொல்லப்போவது ஆயுத பூஜைக்கு முந்தைய நாளின் பயணம். காலை ஆறரை வாக்கில் உரிகம் பிளாட்பாரத்தில் நின்றேன். பனி இன்னும் விலகவில்லை. பையில் சாப்பாட்டு டப்பா, அளவெடுக்கும் நாடா, என் டேப்லெட். கைப்பையில் மாத சீசன் டிக்கெட். அது விடுமுறையோடு தீர்ந்துபோகிறது. வழக்கமாக முன்கூட்டியே புதுப்பித்துவிடுவேன். இந்த முறை வேண்டுமென்றே விட்டு வைத்திருந்தேன்.

காரணம் அந்த டேப்லெட்தான். பிரேசர் டவுனில் நசீர் பாய் நடத்தும் கம்பெனியில் சமையலறை அலமாரிகளுக்கு வரைபடம் போடுவது என் வேலை. மூன்று வருடத்துக்கு முன்பு வரை என்னிடமும் ஒரு லேப்டாப் இருந்தது. மாலூரில் ஏறும் கூட்டத்தில் அதன் கீல் உடைந்தது. அதோடு எனக்கு ஞானம் பிறந்தது. லேப்டாப்பைத் திறக்க மடி வேண்டும்; நின்றுகொண்டே போகிறவளுக்கு மடி ஏது? கழற்றி மாட்டும் கீபோர்டு, பேனா எல்லாம் சேர்த்து நாற்பத்தெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு டேப்லெட் வாங்கினேன். அன்றிலிருந்து என் கம்ப்யூட்டர் அது ஒன்றுதான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதம் அழாத குறை. சேமித்த கோப்பு எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தேடியே பொழுது போகும். ஆபீஸ் பிரின்டர் அதை ஏறெடுத்தும் பார்க்காது. பென் டிரைவ் செருக வழியில்லாமல் தனியாக ஒரு இணைப்பான் வாங்கினேன். கணக்குப் போடும் பெரிய அட்டவணைகள் இன்றைக்கும் அதில் தடுமாறத்தான் செய்கின்றன; அவற்றை ஆபீஸ் கம்ப்யூட்டரில் தட்டிக்கொள்வேன். ஆனால் கோடு போடுவது என்று வந்துவிட்டால் ராஜாதான். எங்கள் பெட்டியில் வரும் லிஃப்ட் மெக்கானிக் டேவிட் அண்ணன் பின்பக்கம் ஒரு எலாஸ்டிக் பட்டை தைத்துக் கொடுத்தார். அதற்குள் இடது கையை நுழைத்து, கம்பத்தில் முதுகைச் சாய்த்து, வலது கையால் வரைவேன். பேனா முனை தேய்ந்து பலமுறை மாற்றியாயிற்று. பேட்டரிதான் வயசாகி, மதியத்துக்கு மேல் சார்ஜர் கேட்கிறது. இத்தனை வருடத்தில் நான் வரைந்த சமையலறைகளில் பெரும்பாலானவை பங்காருப்பேட்டைக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் நடுவே பிறந்தவை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

நசீர் பாய்க்கு இதில் நம்பிக்கை கிடையாது. சந்தாபுராவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மொத்தமாகச் சமையலறை போடும் ஆர்டர் வரும்போல இருந்தது. "இது பசங்க கார்ட்டூன் பாக்குற சாமான்மா. பெரிய பார்ட்டி முன்னாடி இத நீட்டுனா சிரிப்பாங்க" என்றார். விடுமுறை முடிந்ததும் மூன்று லேப்டாப் வாங்குவதாக முடிவு. அதில் போடும் சாஃப்ட்வேர் விலை கூடியது என்பதால், ஆபீஸை விட்டு வெளியே எடுத்துப் போகக் கூடாது. அதாவது, ரயிலில் நான் செய்யும் வேலையை இனி ஆபீஸிலேயே உட்கார்ந்து இரவு எட்டு மணி வரை செய்ய வேண்டும். எட்டு மணிக்கு முடித்து உரிகம் போய்ச் சேர்ந்து, விடிவதற்குள் மறுபடி கிளம்புவது நடக்கிற காரியமில்லை. பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கி, வாரம் ஒருமுறை ஐந்தாவது படிக்கும் என் மகள் நித்யாவைப் பார்க்க வேண்டியதுதான். வேலையை விடவும் முடியாது. கணவர் ஓட்டும் ஸ்கூல் வேனை மட்டும் நம்பி வீடு நடக்காது.

நான் விடாமல் வாதாடியதில் கடைசியாக ஒன்றுக்கு இறங்கி வந்தார். "சரி, சந்தாபுரா மீட்டிங்க இதுலயே பண்ணிக் காட்டு. பில்டர் ஒத்துக்கிட்டா உன் வழி. இல்லேன்னா லேப்டாப், அவ்ளோதான்." அந்த மீட்டிங் இந்த நாளில்தான்.

வண்டி வந்தது. எங்கள் பெட்டியின் வாசலில் மாவிலைத் தோரணம், கம்பங்களில் வாழைக்கன்று. ஆயுத பூஜையன்று யாரும் வேலைக்குப் போவதில்லை என்பதால், சீசன் டிக்கெட்காரர்கள் முந்தைய நாளே பெட்டிக்குள் பூஜை போட்டுவிடுவோம். அவரவர் தொழில் சாமானை இரண்டு சீட்டுக்கு நடுவே விரித்த துணியில் வைப்பார்கள். நெருப்பு கூடாது என்பதால் கற்பூரத்துக்குப் பதில் பேட்டரியில் எரியும் அகல்விளக்கு. முன்நின்று நடத்தும் டேவிட் அண்ணன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். எங்கள் வீட்டுக் கூடத்திலோ புத்தர் படம்; பூஜை வழக்கமில்லை. வருடா வருடம் சுண்டல் பொட்டலம் கட்டுவதோடு சரி, என் சாமானை நான் வைத்ததில்லை.

இந்த வருடம் மனசு கேட்கவில்லை. நாளை முதல் இதற்கு வேலை இருக்குமோ இருக்காதோ, மூன்று வருடம் உழைத்ததற்கு ஒரு மரியாதை வேண்டாமா? கீபோர்டோடு சேர்த்து, டேவிட் அண்ணனின் ஸ்பேனருக்கும் நர்ஸ் ஸ்டெல்லா அக்காவின் ரத்த அழுத்தக் கருவிக்கும் நடுவில் வைத்தேன்.

"பாரு, யசோதராவே வச்சிட்டா" என்று ஸ்டெல்லா அக்கா கைதட்டினார்.

டேவிட் அண்ணன் ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தார். பிறகு தேங்காய். அதைக் கதவோரத்து இரும்புப் படியில் உடைப்பதுதான் வழக்கம். அன்று கதவை மறித்துக் கூட்டம். மனுஷர் பொறுமையிழந்து, இருந்த இடத்திலேயே ஸ்பேனரை எடுத்து ஒரே போடு போட்டார். தேங்காய் அழகாக இரண்டாகப் பிளந்தது. தண்ணீர் முழுவதும் என் கீபோர்டின் மேல் இறங்கியது.

பெட்டியே ஐயையோ என்றது. துப்பட்டாவால் ஒற்றினேன், உதறினேன், கவிழ்த்தேன். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் கீபோர்டு பேசவில்லை. கழற்றித் தனியே வைத்தேன். டேப்லெட் மட்டும் வழக்கம்போலக் கண் விழித்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் சார்ஜரைச் செருகினால், துளையில் ஈரம் இருக்கிறது, சார்ஜ் ஏறாது என்று எச்சரிக்கை காட்டியது. முந்தைய இரவெல்லாம் கடைசித் திருத்தம் போட்டுவிட்டு, வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று வந்திருந்தேன். பாதிக்கும் குறைவாகத்தான் சார்ஜ் இருந்தது.

"தப்பாப் பூட்சிமா. இன்னிக்கின்னு பாத்து இப்படியா?" என்று டேவிட் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"உடுங்கணா, டேப்லெட்டு பொழச்சிகிச்சி" என்றேன். திரையை அணைத்துப் பையில் வைத்துவிட்டேன்.

கன்டோன்மென்டிலிருந்து பிரேசர் டவுனுக்கு ஆட்டோ அறுபது ரூபாய். நசீர் பாய் காரோடு தயாராக இருந்தார். பின் சீட்டில் ஒரு புது லேப்டாப். கடைக்காரர் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது. "எதுக்கும் இருக்கட்டும்னு நேத்து வரஞ்சி வச்சிருக்கேன்" என்றார். என் டேப்லெட்டைப் பார்த்ததும், "அரே, இதுக்கென்ன கல்யாணமா?" என்று சிரித்தார். தேங்காய்த் தண்ணீர் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. காரில் மறுபடி சார்ஜரைச் செருகிப் பார்த்தேன்; அதே ஈர எச்சரிக்கைதான்.

அல்சூர், சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், பொம்மசந்திரா. முப்பது கிலோமீட்டரைக் கடக்க ஒன்றரை மணி நேரம். சாலையின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பூசணியும் சாமந்தியும் மலையாகக் குவிந்திருந்தன. லாரிகளைக் கழுவிப் பூச்சூட்டிக்கொண்டிருந்தார்கள். சந்தாபுரா சர்க்கிளில் நிறுத்தி இருபது ரூபாய்க்குக் காபி குடித்தோம். கடைக்காரர் எங்களிடம் தமிழிலும், அடுத்தவரிடம் கன்னடத்திலும், பாலைக் கொண்டுவந்தவரிடம் தெலுங்கிலும் பேசினார். இந்தப் பக்கத்துக்கு அது சாதாரணம்.

கட்டடத்தில் மூன்றாவது மாடி. பூச்சு வேலை முடியாத வீடு. மின்சாரமும் இல்லை, மேஜையும் இல்லை. பில்டர் மஞ்சுநாத் ஆனேக்கல்காரர், வெள்ளைச் சட்டை, அவசரக்காரர். நசீர் பாய் சிமென்ட் மூட்டைமேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தார். குறை சொல்ல முடியாது. சமையலறை அப்படியே கண்முன் நின்றது, அடுப்பின் பளபளப்பு உட்பட. மஞ்சுநாத் குனிந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார்.

அப்போது அவர் நிமிர்ந்து ஜன்னலைக் காட்டினார். "ஆனா சிங்க் இந்தப் பக்கம் வரணும். என் மனைவி சொல்றாங்க, பாத்திரம் தேய்க்கறப்ப வெளிய பாக்கணுமாம்."

"ஆபீஸ் போயி மாத்தி, லீவு முடிஞ்சு அனுப்பறோம் சார்" என்றார் நசீர் பாய்.

நான் டேப்லெட்டை எடுத்துச் சுவரைப் படம் பிடித்தேன். படம் முழுக்க மஞ்சள் மூட்டம். திருப்பிப் பார்த்தால், டேவிட் அண்ணன் சந்தனப் பொட்டை மிகச் சரியாக கேமராவின் மேலேயே வைத்திருக்கிறார். அது கண் போலத் தெரிந்திருக்கும், பாவம். மஞ்சுநாத் எட்டிப் பார்த்து, "இதேனம்மா, இதக்கூ பூஜைனா?" என்று கேட்டார், இதற்குமா பூஜை என்று.

"ஹவுது சார், இதுதான் எனக்குச் சோறு போடுது" என்றேன். துப்பட்டா நுனியால் துடைத்து மறுபடி எடுத்தேன். திரை வெளிச்சத்தைக் குறைத்தேன். கீபோர்டு இல்லாததால் எல்லாம் பேனாதான். நசீர் பாய் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அளவுகளைப் படத்தின் மேலேயே கையால் எழுதினேன். சிங்கை ஜன்னலுக்குக் கீழே வரைந்தேன். கழிவுநீர்க் குழாய் எதிர்ச்சுவரில் இருந்ததால் அடியில் சரிவு வேண்டும், ஒரு அலமாரியின் ஆழம் குறையும் என்று கோடு போட்டுக் காட்டினேன்.

"கொடி இல்லி" என்று, இங்கே கொடுங்கள் என்பதாகக் கை நீட்டினார் மஞ்சுநாத். பேனாவைத்தான் கேட்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது. பட்டைக்குள் தன் கையை நுழைத்துக்கொண்டு, சிங்கை அரை அடி நகர்த்தி அவரே வரைந்தார். தள்ளி நின்று சுவரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். மூலையில் ஒரு சின்ன அலமாரி போட்டார். கோணல்மாணலான கோடுதான், ஆனால் அது அவருடைய கோடு. பிறகு அடியில் கையெழுத்தையும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நசீர் பாய், எல்லா வீட்லயும் இப்படியே, இந்தம்மாவே வந்து நின்னு வரையட்டும்" என்றார். அங்கேயே அவருடைய போனுக்கு அனுப்பிவைத்தேன். பேட்டரியில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. எனக்கு வந்த கர்வத்தை மறைக்க நான் முயற்சி செய்யவில்லை.

திரும்பும்போது பொம்மசந்திரா தாண்டியதும் நசீர் பாய் போனை எடுத்தார். லேப்டாப் கடைக்காரரைக் கூப்பிட்டார். "மூணு வேணாம், ரெண்டு போதும்." வைத்துவிட்டு என்னிடம், "கீபோர்டு கம்பெனி செலவு" என்றார். அவரிடம் அதுவே பெரிய பாராட்டு.

பூஜைக்கு முந்தைய நாள் என்பதால் எல்லோருக்கும் அரை நாள்தான். மதிய வண்டியில் எங்கள் கூட்டமே இருந்தது. நடந்ததைச் சொன்னதும் டேவிட் அண்ணன் மிச்சமிருந்த சுண்டலை என் கையில் கொட்டினார். ஸ்டெல்லா அக்காவுக்கு மட்டும் ஒரு வருத்தம்.

"பூஜையில வச்சத அன்னிக்கே எடுத்து வேலை வாங்கிட்டியே. இனிமே விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது, ஆமா."

தொடவில்லை. கையில் வேலை இல்லாததால் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். தேவனகுந்தியின் எண்ணெய்த் தொட்டிகள், மாலூரின் செங்கல் சூளைகள், டேக்கல் வந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கும் பாறைகள். மூன்று வருடமாக இவ்வளவையும் தாண்டித்தான் போய்வந்திருக்கிறேன். ஒன்றையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. கோரமண்டல் ஸ்டேஷனைக் கடந்ததும் சுரங்கத்து மண் கொட்டிய மேடுகள் வெயிலில் வெளுப்பாகத் தெரிந்தன. பெங்களூரில் எத்தனையோ பளபளப்பான ஆபீஸ்களுக்குப் போயிருக்கிறேன். என் ஆபீஸ் எண்பது கிலோமீட்டர் நீளம். ஜன்னலும் உண்டு, பக்கத்தில் சுண்டல் கொடுக்க ஆளும் உண்டு.

உரிகத்தில் இறங்கி நேராக டிக்கெட் கவுன்டருக்குப் போனேன். பழைய சீசன் டிக்கெட்டை நீட்டியதும் அங்கே இருந்தவர், "ஒரு மாசம்தானே?" என்று கேட்டுக்கொண்டே தட்டத் தொடங்கினார்.

"இல்ல சார், மூணு மாசத்துக்குப் போடுங்க."

வெளியே ஸ்கூல் வேனின் முன் சீட்டிலிருந்து நித்யா எட்டிப் பார்த்தாள். "அம்மா, நீ ஹாஸ்டலுக்குப் போறியா, இல்லியா?" என்று அங்கிருந்தே கத்தினாள். நான் புது டிக்கெட்டை உயர்த்திக் காட்டினேன்.