பதினெட்டு நாள் தாமதம்

தபால்காரர் தினமும் வந்தால் யாரும் கவனிப்பதில்லை. வராவிட்டால்தான் ஊரே தேடும். கடிதத்துக்காக வாசலைப் பார்த்துக் கண் பூத்துப்போனவர்களே, தபால்காரர்களான நாங்கள் படும் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள். எங்கள் பதினெட்டு நாள் வேலைநிறுத்தம் முடிந்து, பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குத் தபால் மூட்டைகள் வந்து இறங்கிய வாரத்தில் நடந்தவை இவை.

சும்மா ஒரு விசாரிப்பு

லைட்ஹவுஸ் குப்பத்தில் என் சைக்கிள் நுழைந்ததுமே, கன்னியம்மா கையிலிருந்த வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் பெயருக்கு ஒரு கார்டுகூட வந்ததில்லை. "உங்களுக்கு எதுவும் இல்லையேம்மா" என்றேன், சங்கடத்தோடு.

"எனக்கு இல்லனா போவுது சார். யார் வூட்டுக்கு இன்னா வந்துச்சுனு தெரியாம இத்தினி நாளா தலையே வெடிக்குது!"

ஏழுமலையின் வலை

ஏழுமலையின் மகள் செல்விக்கு நர்ஸிங் கல்லூரியிலிருந்து ஒரு கவர். வாசலிலேயே பிரித்தவள் முகம் வெளுத்துவிட்டது. "இன்டர்வியூ இன்னிக்கி சார். பொன்னேரில, பதினோரு மணிக்கு." அப்போதே மணி ஒன்பதே முக்கால். பஸ் போய்விட்டது. அவள் நைனா ஏழுமலையோ ஏரியில் நண்டு வலை இழுத்துக்கொண்டிருந்தார். நானும் அவளும் கரையில் நின்று துண்டை வீசிக் கத்தினோம். என்னமோ ஏதோ என்று பதறி வந்தவர், விஷயம் தெரிந்ததும் பாதி வலையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, ஈரக் கைலியோடு பைக்கை எடுத்தார்.

மறுநாள் போனேன். கந்தலாகிப்போன வலையோடு உட்கார்ந்திருந்தார் ஏழுமலை. "என்னாச்சு?" என்றேன்.

"நண்டு மொத்தத்தையும் கடிச்சி நாசம் பண்ணிடுச்சி சார். பொண்ணுக்கு சீட்டு கெடச்சிடுச்சி. வலைதானே, வுடு!"

கல்லறைக்கு வந்த கடிதம்

ஹாலந்திலிருந்து வந்த ஒரு கவரில் 'காவலாளி, டச்சுக் கல்லறை, பழவேற்காடு' என்று மட்டும் இருந்தது. காவலாளி கோதண்டம் என்னையே படிக்கச் சொன்னார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிப் படித்தேன். ஒரு பெண்மணி தன் மூதாதை ஒருவரின் பெயரை எழுதி, அவருடைய கல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். அதற்குமேல் எனக்கு மற்ற வீடுகளுக்குப் போக மனசு வரவில்லை. இருவரும் குனிந்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, ஒவ்வொரு கல்லாகத் தேடினோம். ஒரு மூலையில் சருகைத் தள்ளியதும் அதே பெயர்! "பதினெட்டு நாள் தாமதமாகக் கொடுக்கிறேனே, அந்தம்மா என்ன நினைப்பாங்களோ" என்றேன்.

கோதண்டம் சிரித்தார். "இவரு முந்நூறு வருசமா இங்க படுத்துனுகீறாரு. இன்னிக்குத்தான் தேடி ஒரு தபால் வந்துகீது. உங்க பதினெட்டு நாளு ஒரு தாமதமா சார்?"

வேலைநிறுத்தத்தில் எங்கள் கோரிக்கைகள் பாதிதான் நிறைவேறின. ஆனால் எங்களை யார் யார் எதற்காகத் தேடுகிறார்கள் என்பது மட்டும் முழுசாகத் தெரிந்துவிட்டது.