பூங்காவுக்கு எமில்டா எழுதிய நோட்டீஸ்

எமில்டாவுக்குத் தமிழ் எழுதச் சொன்னால் போதும், கை தானாய் ஓடும். ஊரை விட்டு அகதியாய் வந்து குடியேறிய மோர்னிங்சைட்டில், அவளுடைய அடுக்குமாடிக்குப் பின்னாலிருந்த ஆற்றங்கரைப் பூங்காவை வெட்டி றோட்டுப் போடப் போறாங்கள் என்று கேள்விப்பட்டதும், வெள்ளைக்காரி மார்கரெட் ஒரு கமிட்டி கூட்டினாள். தமிழில் நோட்டீஸ் எழுதுகிற வேலை எமில்டாவின் தலையில் விழுந்தது. முதியோர் இல்லத்தில் துணி தோய்த்துவிட்டு வந்த களைப்போடும் சந்தோசமாய் ஒத்துக்கொண்டாள். நூறு வருசப் பூங்கா அது. வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்த தங்கச்சி பற்றிமாவிடம், "வந்து சேரடி, பிள்ளையள் இந்த ஆத்தங்கரையில ஓடி விளையாடட்டும்" என்று ஒவ்வொரு போனிலும் சொன்னது இந்த இடத்தைத்தானே!

தவக்காலத்தில் வந்த கடைசிப் போனில் பற்றிமா சொன்னாள்: "அக்கா, பயப்பிடாதை. ஷெல் அடிக்கமாட்டம் எண்டு ஆமி அறிவிச்ச பாதுகாப்பு வலயத்துக்குள்ள பிள்ளையளோட வந்திட்டம்."

எமில்டா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். பிறகு போனே இல்லை. பெரிய வெள்ளி போனது, பாஸ்காத் திருநாளும் போனது. வீட்டில் தமிழ் ரேடியோ மட்டும் ஓயாமல் கதைத்தது. அதைக் கேட்டபடிதான் மே மாசத்தில் நோட்டீசை எழுதி, மாடி மாடியாய் ஏறிக் கொடுத்தாள். வாங்கின சனம் ஒரு வரி வாசித்ததும் முகம் கறுத்துக் கதவைச் சாத்தியது. அட கோதாரி, ஒரு மரத்தைக் காக்கக்கூட இதுகளுக்கு மனமில்லையா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை பூங்காவில் கூட்டம். வெள்ளைக்காரர் பிள்ளை குட்டியோடு வந்திருந்தார்கள். தமிழரில் வந்தது கீழ்வீட்டுக் கஸ்பர் அண்ணை மட்டும். கையில் அந்த நோட்டீஸ்.

"பிள்ளை, இதை நீயோ எழுதினனீ?"

"ஓம் அண்ணை. பிழையே?"

அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். 'எங்கள் பூங்காவைப் பாதுகாப்பு வலயம் ஆக்குவோம். எல்லோரும் பிள்ளைகளோடு உள்ளே வாருங்கள்.'

"உப்பிடிச் சொல்லித்தானே அங்க சனத்தைக் கூப்பிட்டவங்கள்" என்றார். "பிறகு அதுக்குள்ளதானே ஷெல் அடிச்சவங்கள்."

எமில்டாவுக்குத் தெரியாத கதையா? ரேடியோ ஒவ்வொரு நாளும் சொன்னதுதான். தங்கச்சி நிற்கிற மூலையில் மட்டும் ஷெல் விழாது என்று அவளாக நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மார்கரெட் மைக்கில் கத்தினாள்: றோட்டுத் திட்டத்தைக் கைவிட்டாச்சு, இனி இது பாதுகாக்கப்பட்ட இடம்! எல்லோரும் கை தட்டினார்கள். பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு மரங்களுக்குள் ஓடினார்கள்.

"வெளியில வாங்கோ!" எமில்டா அலறினாள். "ஐயோ, உள்ளுக்கப் போகாதையுங்கோ!"

தமிழில்தான் அலறினாள். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. அவளைப் பார்த்துக் கை காட்டிச் சிரித்துவிட்டு, இன்னும் உள்ளே ஓடினார்கள்.