முப்பது அடிக்குள் கேட்ட பாட்டு

ஆமத்தூரைத் தாண்டி விருதுநகரை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் அது ஒவ்வொரு எட்டுக்கும் நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது. விரல் நீளம்தான் இருக்கும். ஒரு முனை காரில் சிகரெட் பற்றவைக்கும் துளைக்குள் செருகுவதற்கு, மறுமுனையில் எண் தெரியும் சின்னத் திரை, பக்கவாட்டில் ஒரு வயர். எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் என்று அதற்குப் பெயர். மூன்று பஸ்கள் என்னைக் கடந்து போயின. எதற்கும் நான் கை காட்டவில்லை. டிக்கெட்டுக்குக் காசில்லாமல் இல்லை. ஒரு வண்டிக்குள் உட்கார்ந்து போக அன்றைக்கு முடியவில்லை.

அதன் சொந்தக்காரரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். எம். புதுப்பட்டிப் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்குப் போகும் இரண்டு வேன்களில் முன்னால் போவது அவர் வேன். பின்னால் வருவதை நான் ஓட்டினேன். அதற்கு முன்பு ஓட்டலில் மாவரைத்திருக்கிறேன், கிணறு வெட்டப் போயிருக்கிறேன், லாரியில் கிளீனராக மகாராஷ்டிரம் வரை போயிருக்கிறேன். ஓரிடத்தில் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு சரி. வாடகை வண்டி ஓட்டும் லைசென்சுக்கு எட்டாவது தேறியிருக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். வேன் முதலாளி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு லைசென்சு இல்லை என்பது அண்ணாச்சிக்கு மட்டும் தெரியும்.

இரண்டு வேன்களிலும் டேப் செத்துப்போய் ரேடியோ மட்டும் உயிரோடிருந்தது. அதுவும் பாதி வழியில் இரையத் தொடங்கிவிடும். சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த மச்சினன் கொடுத்ததென்று ஒரு நாள் அண்ணாச்சி இந்தச் சாமானையும், தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுப் பெட்டியையும் கொண்டுவந்தார். பாட்டுப் பெட்டியை வயரில் மாட்டி, எந்த நிலையமும் இல்லாத ஓர் எண்ணை இதில் வைத்தார். ரேடியோவிலும் அதே எண்ணைத் திருப்பியதும், அண்ணாச்சியே ஒரு நிலையம் நடத்துவதுபோலப் பாட்டு வந்தது. என் வேனில் இருந்த பெண்களுக்குப் பொறுக்கவில்லை. முன் வேன்காரிகளுக்கு மட்டும் கச்சேரியா என்று கேட்டார்கள். அண்ணாச்சி சிரித்தபடி, "ஏலே, நீயும் அதே நம்பர வையி. என் பின்னாலயே ஒட்டி வா, உனக்கும் கேக்கும்" என்றார்.

கேட்டது. ஆனால் முப்பது அடிக்குள் வந்தால்தான் கேட்டது. கொஞ்சம் பின்தங்கினால் இரைச்சல் பாட்டைத் தின்றுவிடும். உடனே என் முதுகுக்குப் பின்னாலிருந்து வசவு தொடங்கும். "மாட்டு வண்டியா ஓட்டுத?" என்பாள் ஒருத்தி. இதற்கொரு வழி கண்டவள் முன் வேனின் கடைசி சீட்டில் உட்காரும் அக்கா. கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கிறவள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வெள்ளிப் பொடி அவள் விரல்களில் மினுங்கும். அந்த வேனின் பின் கண்ணாடி என்றோ உடைந்துபோனது. நான் பின்தங்குவதைப் பார்த்ததும் அதன் வழியே வலது கையை முழங்கை வரை நீட்டி, கிட்ட வா, கிட்ட வா என்று அசைப்பாள். நான் நெருங்குவேன். பாட்டு வரும். இரண்டு வேன்களும் ஒரே பாட்டைக் கேட்டபடி கரிசல் காட்டுக்கு நடுவே போகும். வெடிமருந்துக்குப் பக்கத்தில் இது ஆகாதென்று, கம்பெனி கேட்டுக்கு வெகுதூரம் முன்பே அண்ணாச்சி சாமானைப் பிடுங்கிவிடுவார். அதன் பிறகு சாயங்காலம் வரை அவர்களுக்கு மருந்தும் திரியும்தான்.

தீபாவளி சீசனில் ஒரு காலை. வளைவில் நான் பின்தங்கியிருந்தேன். அக்காவின் கை வெளியே வந்து அசைந்தது. நான் வேகமெடுத்து நெருங்கினேன். வளைவு முடிகிற இடத்தில் தண்ணீர் லாரி ஒன்று சாலையை மறித்து நின்றிருக்கிறது. எனக்கு அது தெரியவில்லை. அண்ணாச்சி பிரேக் அடித்தார். நானும் அடித்தேன். என் வேன் மூக்கில்லாத வேன். அதன் நெற்றி நேராக அவர் வேனின் முதுகில் போய் மோதியது. அக்காவின் கை நடுவில் இருந்தது. அலறலுக்கு நடுவே இரண்டு ரேடியோக்களும் பாடிக்கொண்டே இருந்தன. அத்தனை தெளிவாக அந்தப் பாட்டு என் வேனில் ஒருநாளும் கேட்டதில்லை.

அவளை ஒரு காரில் ஏற்றி அனுப்பிய பிறகு அண்ணாச்சி டிரான்ஸ்மிட்டரைப் பிடுங்கி, போலீஸ் கண்ணில் படக் கூடாதென்று என் சட்டைப் பையில் போட்டார். "நான் ரிவர்ஸ் எடுத்து இடிச்சேன்னு சொல்லப்போறேன். நீ வாயத் தொறக்காத" என்றார். நான் ஏதோ சொல்லப் போனேன். "உனக்காக இல்லலே. லைசென்சு இல்லாதவன் இடிச்சான்னா அவளுக்கு இன்சூரன்சு வராது. அம்புட்டுத்தான்." வேனில் இருந்த பெண்களுக்கும் அதையே சொன்னார். ஒருத்தி மட்டும் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டுத்தான் சரியென்று தலையை ஆட்டினாள். போலீஸ் வந்தபோது நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னார் என்பதற்காக மட்டும்தான் திறக்கவில்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. பயமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவுக்கு வலது முழங்கைக்குக் கீழே கை இல்லை, கட்டு மட்டும் இருந்தது. நான் கால்மாட்டில் நின்றேன். அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள். "அழாத தம்பி. கிட்ட வான்னு கூப்பிட்டது நாந்தானே" என்றாள். அவள் திட்டியிருந்தால் ஒருவேளை நான் அந்த ஊரில் இருந்திருப்பேன். வெளியே வந்து, தங்கியிருந்த அறைக்குக்கூடப் போகாமல் நடக்க ஆரம்பித்தேன்.

அக்காவுக்கு இன்சூரன்சு கிடைத்தது என்று பல வருடம் கழித்துத் திருப்பூரில் சந்தித்த ஊர்க்காரன் சொன்னான். அண்ணாச்சியின் லைசென்சு போய்விட்டதாம். பிறகு ஒரு கம்பெனி கேட்டில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களின் செல்போன்களை வாங்கி வைக்கும் வேலை பார்த்திருக்கிறார். என்னைப் பற்றி யாரும் கேட்டால், எங்கேயோ நல்லா இருக்கான் என்பாராம். ஊர்க்காரன் இதைச் சொன்னபோது அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இப்போது எந்தக் காரில் ஏறினாலும் போனிலிருந்தே பாட்டு வருகிறது, வயர்கூட வேண்டாம். டிரான்ஸ்மிட்டர் என் பெட்டியின் அடியில் கிடக்கிறது. திரை கறுத்துவிட்டது. எத்தனையோ ஊரில் எத்தனையோ பொருளை விட்டுவிட்டு வந்திருக்கிறேன், இதை விட்டதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நடந்த அன்று, இருட்டுவதற்குள் விருதுநகர் ஸ்டேஷனுக்கு வந்து, பிளாட்பாரத்தில் படுத்தேன். விடிந்ததும் மிளகாய் வத்தலைச் சேர்த்து வைக்கும் கிட்டங்கிகள் இருக்கும் தெருவுக்குப் போனேன். ஒரு கிட்டங்கியில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூக்கில் துண்டைக் கட்டியிருந்த கணக்கப்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்து, "வண்டி ஓட்டத் தெரியுமாலே? தூத்துக்குடிக்கு ஒரு லோடு நிக்கி" என்றார். தெரியாது என்றேன். "அப்ப மூடை தூக்கு" என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பையில் இருந்த கனத்தால் அது ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. முதல் வத்தல் மூடைக்கு முதுகைக் கொடுத்தேன்.