திறப்பு கடைசியில்தான் கிடைக்கும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். இல்லை என்று நான் ஒருநாளும் வாதாடியதில்லை. லொறி ஓட்டுகிறவனைக் காக்க வைத்தால் கோபம் வராமல் வேறென்ன வரும்? அந்தக் காலத்தில் என்னை அதிகம் காக்க வைத்தவர் எங்கள் கம்பனியின் ஸ்டோர் அக்கா. அவரைப் போல ஒருவரைப் பிறகு நான் எங்குமே காணவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகு, நீர்ப்பம்பி, அரிசி மில் என்று எது பழுதானாலும் திருத்திக் கொடுக்கும் சின்னக் கம்பனி எங்களுடையது. துறைமுகத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஸ்பானர், சம்மட்டி போன்ற வேலை ஆயுதங்கள் வைக்கும் ஸ்டோர், வாசலில் ஒரு லொறி. காலையில் மெக்கானிக்மாரை ஏற்றி இறக்குவதும், மாலையில் கிண்ணியாப் பக்கத்து ஆட்களைத் துறையடியில் கொண்டுபோய் விடுவதும் என் வேலை. அங்கிருந்து அவர்கள் பாதையில் ஏறிக் களப்பைக் கடப்பார்கள். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். பொழுதுபட்டால் பாதை ஓடாது.

அக்கா வருவதற்கு முன் கம்பனிச் சாமான்களுக்குக் கால் முளைத்திருந்தது. எங்கள் பெரிய சம்மட்டி கப்பல்துறையில் யாருடையதோ வேலிக்குக் கட்டை அடித்துக்கொண்டிருந்தது. சல்லிக் கிராமத்தில் மீன் வலைகளுக்கு ஈயக்குண்டுக்குப் பதிலாக எங்கள் நட்டுகள் தொங்கின. லொறி கல்யாண வீடுகளுக்கு வாழைக்குலை ஏற்றியது. எல்லாரிடமும் ஒரே பதில்தான். "கம்பனிச் சாமான்தானே!"

அக்காவை எடுத்தது டைப் அடிப்பதற்கு. கணவர் இல்லை. வீட்டில் இரவல் தையல் மெஷினில் சட்டை தைத்து மிச்சச் செலவைச் சமாளித்தார். ஸ்டோரைப் பொறுப்பெடுக்க ஒருவரும் முன்வராதபோது, "நான் பாக்கிறன்" என்றார். அந்தக் கிழமையே ஸ்டோர்ச் சுவரில் பெரிய பலகை ஒன்றை அறையச் செய்து, படகுக்கு அடித்து மிஞ்சிய சாம்பல் நிறப் பெயின்ற்றைப் பூசினார். ஒவ்வோர் ஆயுதத்தையும் பலகையில் பிடித்து, தையல் சோக்கால் சுற்றிக் கோடு கீறி, உள்ளே வெள்ளை அடித்தார். சட்டைத் துணியில் அளவு கீறுவது போலவேதான் கீறினார். "அக்கா ஸ்பானருக்குச் சட்டை தைக்கிறா" என்று ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வெள்ளை உருவங்களை நாங்கள் நிழல் என்று சொல்லப் பழகிவிட்டோம். மாலையில் ஆயுதம் திரும்பி வந்து தன் நிழலில் தொங்க வேண்டும். வராவிட்டால் அந்த இடம் வெள்ளையாய்ப் பல்லைக் காட்டும். யாரையும் விசாரிக்கத் தேவையில்லை. பலகையின் கீழ் மூலையில் லொறிச் சாவிக்கும், நாங்கள் திறப்பு என்போம், ஒரு நிழல் இருந்தது. எல்லா நிழலும் நிறைந்த பிறகுதான் மாலையில் அந்தத் திறப்பு என் கைக்கு வரும். நான் எத்தனை தரம் கத்தியிருப்பேன்! அக்கா சத்தம் போடவே மாட்டார். "கத்தி முடிஞ்சுதோ அண்ணன்? அப்ப அந்தக் கம்பிக் குறட்டையும் ஒருக்காத் தேடுங்கோ" என்பார். லொறிச் சில்லில் கடல் மணல் ஒட்டியிருந்தால், "நிலாவெளியில ஆரைப் பாக்கப் போனீங்கள்?" என்று கேட்பார். பொய் சொல்லித் தப்ப ஏலாது. சில மாதங்களில் சம்மட்டி வேலியை விட்டு வந்தது, வலை நட்டுகளும் வந்தன. எப்படி வரவழைத்தார் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

நான் சொல்ல வந்தது ஒரு மாலையைப் பற்றி.

எங்களிடம் கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த இளம் மெக்கானிக் ஒருவர் இருந்தார். நல்ல வேலைக்காரர். மனைவிக்கு நிறைமாதம். முதல் பிள்ளை பிறந்தவுடனேயே தவறிப்போனதால் அந்த மாதம் முழுதும் அவருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. அன்றைக்கு அவர் படகுகள் கட்டும் ஜெட்டியில் மூதூருக்கு ஓடும் லோஞ்சின் எஞ்சினைப் பூட்டிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து ஒருவர் ஓடிவந்து, மனைவிக்கு நோவு கண்டுவிட்டது, பெண் உன்னையே கேட்கிறாள் என்று சொல்லிப் போனார். வேலையை எப்படியோ முடித்துவிட்டு ஸ்டோருக்கு ஓடிவந்தார். பஸ் போய்விட்டிருந்தது. லொறியை விட்டால் வேறு வழியில்லை. வழியில் இக்கரையிலேயே இறங்கும் மற்ற ஆட்கள் ஏற்கனவே லொறியில் ஏறியிருந்தார்கள்.

பலகையில் ஒரு நிழல் வெறுமையாய் இருந்தது. நீளமான ரிங் ஸ்பானர்.

"அக்கா, இண்டைக்கு மட்டும் விடுங்க" என்றார் அவர். "பாதை போயிட்டா நான் விடியுமட்டும் இக்கரையிலதான். அவ தனியக் கிடக்கிறா."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "ஒரு இரும்புத் துண்டுக்கு இந்த மனுசனை வதைக்கிறீங்களே! நாளைக்கு நான் வாங்கித் தாறன், திறப்பைத் தாங்கோ!" என்று மேசையில் அடித்தேன்.

அக்காவின் கை திறப்பின் மேல்தான் இருந்தது. ஆனால் எடுக்கவில்லை.

"ஸ்பானர் துலைஞ்சா துலையட்டும் அண்ணன். அது இப்ப எங்க கிடக்குது எண்டதுதான் என்ர பயம். நல்ல இடத்தில கிடந்தா இந்நேரம் இஞ்ச வந்திருக்கும். நீங்கள் எல்லாரும் போயிட்டா நான் ஆரிட்டக் கேக்கிறது?" பிறகு அந்த மெக்கானிக்கைப் பார்த்து, மிகவும் தாழ்ந்த குரலில், "தம்பி, கோவிக்காதேங்கோ. அந்த நிழலை ஒருக்கா வடிவாப் பாருங்கோ. கடைசியா எங்க வச்சனீங்கள்?" என்றார்.

அவர் பார்த்தார்.

"அல்லாஹ்! ஆள் வந்து சொல்லக்குள்ள கையில இருந்திச்சு. லோஞ்சிலதான் வச்சிட்டன், எஞ்சினுக்குப் பக்கத்தில."

இருவரும் ஜெட்டிக்கு ஓடினோம். லோஞ்ச் நிறைய மூதூருக்குப் போகும் சனம். கூடைகள், சாக்குகள், மடியில் பிள்ளைகளோடு பெண்கள். லோஞ்சை ஓட்டும் தண்டையல் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியைச் செருகிக்கொண்டிருந்தார். "சுத்தாதீங்க! சுத்தாதீங்க!" என்று கத்திக்கொண்டே எங்கள் ஆள் உள்ளே பாய்ந்தார். ஸ்பானர் எஞ்சினின் பெரிய சக்கரத்துக்குப் பக்கத்துச் சட்டத்தில், ஒரு முனை சக்கரத்தைத் தொட்டபடி கிடந்தது. எஞ்சின் அதிர்ந்தால் அது உள்ளே விழும். சக்கரம் அதைத் தூக்கி அடித்தால் அடிப்பலகை பிளக்கும். அதுவும் நடுக்குடாவில்.

தண்டையல் ஸ்பானரைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டதெல்லாம், "ஏன் தம்பி அழுறாய்?" என்பதுதான். நான் விசயத்தைச் சொன்னேன்.

"பாதை இனிக் கிடைக்காது. நீ இதிலயே இரு. கிண்ணியாக் கரையில இறக்கிட்டு நான் மூதூருக்குப் போறன்" என்றார். வழியை விட்டு விலகிப் போக வேண்டும், எல்லாருக்கும் வீடு போகப் பிந்தும். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பெண்கள் கூடைகளை மடியில் தூக்கி வைத்து இடம் விட்டார்கள். லோஞ்ச் புறப்படும்போது எங்கள் ஆள் ஸ்பானரை என்னிடம் நீட்டி, "அக்காட்டக் குடுங்க அண்ணன்" என்றார்.

நான் ஸ்டோருக்கு வந்தபோது அக்கா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஸ்பானரை வாங்கி அதன் நிழலில் கொழுவினார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் ஒரு பெட்டியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து திறப்பை எடுத்துத் தந்தார். "மற்ற ஆக்கள் வீட்ட போகட்டும்." அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். நாற்பதாம் நாள் கழிந்து, ஒரு முற்பகலில் அந்த மெக்கானிக் மனைவியையும் பிள்ளையையும் கம்பனிக்கே கூட்டி வந்தார். ஆட்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்ததால் பலகை முழுதும் வெள்ளை நிழல்தான். அக்கா மேசையில் துணி விரித்து, பிள்ளையைக் கிடத்தி, அதே தையல் சோக்கை எடுத்துச் சட்டைக்கு அளவு கீறினார். பிள்ளை காலை உதைக்க உதைக்கக் கோடு கோணல்மாணலாய்ப் போனது.

"அக்கா, இந்தச் சாமானை மட்டும் நான் வீட்ட கொண்டு போவன்" என்றார் தகப்பன்.

அக்கா சிரித்தார். சிரித்தபடியே பலகைக்குப் போய், அத்தனை நிழலும் வெறுமையாய் இருக்க, மூலையில் இருந்த லொறித் திறப்பைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"பிள்ளையை வெயில்ல பஸ்ஸுக்கு விடாமல் துறையடியில கொண்டுபோய் இறக்கிவிடுங்கோ அண்ணன்" என்றார். "ஆறுதலா, மெல்ல ஓட்டுங்கோ."