வயலின்காரர்களுக்குத் தாள் இல்லை

சனிக்கிழமை பிற்பகல் தொலைபேசி அடித்தது. பேசியவர் மேகலா, மலேசியத் தமிழர், விம்பிள்டனில் ஒரு பாடகர் குழுவின் செயலாளர்.

"அக்கா, ரிகர்சல் ஆரம்பிச்சிட்டாங்க. வயலின்காரங்க பன்னிரண்டு பேர் இருக்காங்க, பெட்டியில அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. ஆறு மணிக்குக் கச்சேரி!"

அந்தப் பெட்டியைக் கட்டி அனுப்பியது நான்தான்.

குரோய்டனில், இசைத்தாள்களை வாடகைக்குக் கொடுக்கும் நூலகத்தில் வேலை செய்தேன். பாரிஸில் பதினொரு வருடம் இருந்தவள் என்பதால் பிரெஞ்சு அலுமாரி என் பொறுப்பு. அவர்கள் கேட்டது, ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளர் இறந்தோருக்காக எழுதியது. பாடகர் குழுவும் ஓர்கெஸ்ட்ராவும் சேர்ந்து செய்வது. அதற்கு இரண்டு வடிவங்கள். சின்னதில் ஒரேயொரு வயலின்தான், அதுவும் ஒரு பகுதியில் மட்டும். பெரியதில் வயலின் வரிசையே உண்டு. எந்த வடிவம் என்று ஓர்டர் ஃபோர்மில் எழுதவில்லை. ஆனால் வயலின் பன்னிரண்டு என்று இருந்தது. நான் அதைக் கவனிக்காமல் சின்னதை அனுப்பிவிட்டேன்.

"நாங்க ஃபோர்ம சரியா நிரப்பலையாக்கா?" என்று மேகலா கேட்டார்.

ஓம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பக்கத்தில் நின்ற மேலாளரும் அப்படியே சொல்லச் சொல்லித் தலையாட்டினார்.

"இல்லை மேகலா, பிழை என்னிலைதான். இப்பவே கொண்டு வாறன்."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டிராமில் போனேன். தேவாலயத்துக்குள் பாட்டு நடந்துகொண்டிருந்தது. வயலின்காரர்கள் வாத்தியத்தை மடியில் போட்டபடி இருந்தார்கள். அவர்களில் முன்வரிசையில் ஒரு வயதான ஆங்கிலேயர்.

"அவரோட மனைவி எங்க குழுவில சோப்ரானோ, உச்சக்குரல் பாடுவாங்க," என்று மேகலா மெதுவாகச் சொன்னார். "போன மாசம் தவறிட்டாங்க. இன்னைக்குக் கச்சேரியே அவங்களுக்காகத்தான்க்கா."

முதலில் அவரிடம் போய்த் தாளைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

"இவ்வளவு நேரமும் அவள் நிற்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்," என்றார். "சும்மா இருந்து இதைக் கேட்க என்னால் முடியாது. அதனால்தான் வாசிக்க வந்தேன்."

பென்சிலை எடுத்து, வில் ஏறி இறங்கும் இடங்களைக் குறிக்கத் தொடங்கினார்.

ஒத்திகைக்கு ஒரே தடவைதான் நேரம் கிடைத்தது. கச்சேரியில் இரண்டு இடத்தில் வயலின்கள் பிந்தின. அந்தப் பிந்தல் என்னுடையது. பின்வரிசையில் நின்று கேட்டேன். அவர் கடைசி வரை தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அதன்பிறகு, ஓய்வு பெறும்வரை, பெட்டி கட்டுமுன் ஒவ்வொரு குழுவுக்கும் நானே தொலைபேசி எடுத்தேன். எந்த வடிவம், எத்தனை பேர் என்று மட்டும் கேட்பதில்லை. யாருக்காக வாசிக்கிறீர்கள் என்றும் கேட்பேன். பதில் தெரிந்தால் கை தானாகவே கவனமாகிவிடும்.