அப்பா இறங்கிய பாதாளம்

கோவையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, அருவங்காட்டு வீட்டில் உட்கார்ந்து தனியாளாக ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தேன். பாதி முடிந்திருந்தபோது பெங்களூரில் ஒரு வேலை வந்தது. திங்கட்கிழமை சேர்ந்தே ஆக வேண்டும் என்றார் அப்பா.

"ஒருக்கா நீங்களே ஆடிப் பாருங்கப்பா. அப்பவும் போகச் சொன்னீங்கன்னா போறேன்" என்றேன். வீம்புக்குச் சொன்னதுதான்.

"ஆடறேன். ஆனா பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்கக் கூடாது, அம்மிணி."

கேம் இதுதான். பழைய டீ ஃபேக்டரிக்கு அடியில் ஒரு பாதாளம். ஒவ்வொரு தடவையும் அறைகள் இடம் மாறும். செத்தால் செத்ததுதான், மறுபடி வாசலிலிருந்து தொடங்க வேண்டும். உள்ளே இருக்கும் பேய்கள் மரியாதையாகப் பேசிவிட்டுத்தான் கொல்லும். "சாப்பிட்டு ரொம்ப நாளாச்சுங்க, பார்த்தாலே தெரியுதில்லீங்களா?" என்று கேட்கும் எலும்புக்கூட்டைப் பார்த்து யாராக இருந்தாலும் சிரித்துவிடுவார்கள் என்று நம்பியிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம். வெளியே மழை. அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஷிப்டுக்கு வந்தவரைப் போல லேப்டாப் முன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எலும்புக்கூட்டை, லேட்டாக வந்த ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். சிரிக்கவில்லை.

வாசலில் ஒரு பெட்டி இருக்கும். அதில் கத்தி, பசிக்குத் தின்ன ஊட்டி வர்க்கி, தீப்பெட்டி. அப்பா கத்தியையும் வர்க்கியையும் எடுத்தார். தீப்பெட்டியைத் திருப்பி வைத்தார். எனக்குத் திக்கென்றது. கீழ்த்தளம் கும்மிருட்டு. தீக்குச்சி இல்லாமல் அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

"எனக்கே இங்க கண்ணு தெரியாதுங்க, உங்களுக்கு எதுக்குங்க வீராப்பு?" என்றது வௌவால். அப்பா செத்தார்.

மறுபடி வாசல். மறுபடி தீப்பெட்டியை வைத்துவிட்டுப் போனார். மறுபடி செத்தார். திரும்பத் திரும்ப இதேதான். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேண்டுமென்றே தோற்கிறாரோ, என்னைப் பெங்களூருக்கு அனுப்பத்தான் இந்த நாடகமோ என்றுகூடத் தோன்றியது. அவர் லேப்டாப்பைத் தள்ளி வைக்கப் போனபோது பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"அந்தத் தீப்பெட்டிய எடுங்கப்பா!"

திருடச் சொன்னது போலத் திரும்பிப் பார்த்தார். "தீப்பெட்டியோட எவனாச்சும் உள்ள போவானா?"

அப்போதுதான் உறைத்தது. ரிட்டயர் ஆகும்வரை அவர் வேலை பார்த்தது வெடிமருந்து செய்யும் இடத்தில். கேட்டில் தினமும் பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். தீப்பெட்டி இருந்தால் தொலைந்தது.

"இங்க செக்கிங் எல்லாம் கெடையாதுங்கப்பா. வாசல்ல ஆளே இல்லை."

"ஆளே இல்லாம எப்படி உள்ள உட்டே?" நிஜமாகவே கோபப்பட்டார். "ஒருத்தனைப் போடு. அவன் கண்ணுல மண்ணைத் தூவிட்டுத் தீப்பெட்டியக் கொண்டு போகோணும். அப்பத்தான் ஆட்டம். அதுக்கு எத்தனை நாளாகும்?"

"ஒரு மாசமாவது ஆகுங்கப்பா."

அம்மா நிமிர்ந்தார். "ஏனுங்க, திங்கக்கெழமை பெங்களூரு போகோணுமே?"

"கையில இருக்கற வேலைய முடிக்காம இன்னொரு வேலைக்கு எப்படிப் போவா?" என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதை அவர் வேலை என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.